எல்என்106 ஹைலக்ஸுக்குப் பழைய 3எல் எஞ்சின்: ஏற்றமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சுன்னாகத்துப் பெடியன் | செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1993 ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப், மொடல் எல்என்106, எஞ்சின் 3எல் என்கிற டீசல். பெரியப்பாவிடம் இருபது வருஷமாக நிற்கிறது. வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றித் தம்புள்ளைக்கு ஓடியே அதன் பாதி ஆயுள் போனது. போன மாதம் திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியிருக்கிறது. "இன்னும் கொஞ்சத் தூரந்தானே" என்று ஓட்டியிருக்கிறார். கிளிநொச்சிக்கு வரமுன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

கராஜில் ஹெட்டை (சிலிண்டர்களை மூடுகிற மேல் பாகத்தை) கழற்றிப் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டரில் இரண்டு வால்வுக்கும் நடுவே வெடிப்பு. அதே சிலிண்டரின் சுவரைப் பிஸ்டன் நீளத்துக்குக் கீறி வைத்திருக்கிறது. விரல் நகத்தை விட்டால் தடக்குகிறது. சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), பிஸ்டன் போட்டு, ஹெட்டும் வாங்குகிற செலவுக்கு ஜப்பானில் இருந்து கழற்றி வந்த எஞ்சின் ஒன்றையே எடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வண்டியை விற்று வேறு வாங்குகிற கதையே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல் திறந்தார்கள், திறந்த பிறகு வரியோடு சேர்த்து விலையைக் கேட்டுப் பெரியப்பா சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு 3எல் எடுத்து வந்துவிட்டேன். ஹையேஸ் வானில் இருந்து கழற்றியது என்றார்கள். இப்போது முற்றத்தில் பழைய ரயருக்கு மேலே குந்திக்கொண்டிருக்கிறது. கராஜ்காரர், "ஜப்பான் சாமான் தம்பி, கை வைக்காமல் அப்படியே ஏற்றுவம், இரண்டு நாளில் ஓடும்" என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. எதைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது?

டொல்பின் ராசா | செவ்வாய் காலை

என்னிடம் நிற்பது அதே 3எல் போட்ட டொல்பின் (ஹையேஸ்) வான்தான், ஆனபடியால் எழுதுகிறேன். புளொக் ஒன்றுதான்: 2779 சிசி, சிலிண்டரின் விட்டமும் (போர்) 96, பிஸ்டன் ஓடுகிற தூரமும் (ஸ்ட்ரோக்) 96 மில்லிமீற்றர். ஆனால் வெளியே தொங்குகிற சாமான் அப்படியே வராது. வானில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது, உங்கள் கப்பில் முன் டிபரென்ஷலுக்கு மேலே. ஓயில் சம்ப் (அடியில் ஓயில் நிற்கிற தொட்டி), அதற்குள் இருக்கும் உறிஞ்சிக் குழாய், எஞ்சின் மவுண்டின் கைகள், எக்ஸோஸ்ட் மனிபோல்ட், டிப் ஸ்டிக் எல்லாவற்றையும் பழைய எஞ்சினோடு பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கோ.

முக்கியமாக ஒன்று. சம்பை மாற்றுகிறவர்கள் உறிஞ்சிக் குழாயை மறந்துவிடுவார்கள். புதுச் சம்பின் பள்ளம் பின்னுக்கு இருக்கும், பழைய குழாயின் வாய் முன்னுக்கு நிற்கும். மட்டமான இடத்தில் ஓடும்போது தெரியாது. ஏற்றத்தில் ஓயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது குழாய் காற்றைக் குடிக்கும். இரண்டையும் சோடியாக மாற்றுங்கோ, டிப் ஸ்டிக்கையும் அதன் குழாயோடு.

வான் ஒட்டோ கியரா? அப்படியென்றால் பின்னால் ஃபிளைவீல் இருக்காது, மெல்லிய தகடுதான் இருக்கும்.

பிறகு, அந்த வான் சம்பை எறிந்துவிடாதீங்கோ.

மட்டுநகர் டீசல் | செவ்வாய் மதியம்

நான் கராஜ்காரர் பக்கம். ரொயோட்டா பூட்டிய கஸ்கெற்றை (இரண்டு பாகத்துக்கு நடுவே ஒழுகாமல் வைக்கிற தகட்டை) இங்கே யாரும் திரும்ப அப்படிப் பூட்டப் போவதில்லை. நல்லாக ஓடின எஞ்சினைத் திறந்து, மண் பறக்கிற முற்றத்தில் துடைத்து, கண்ட கண்ட கஸ்கெற்றைப் போட்டு மூடி, பிறகு ஒழுகுதே என்று அழுத ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஓயிலையும் ஃபில்டரையும் மாற்றி ஏற்றி ஓட்டுங்கோ. பிழைத்தால் அப்போது திறக்கலாம்.

சுன்னாகத்துப் பெடியன் | செவ்வாய் மதியம்

ராசா அண்ணை, நீங்கள் சொன்னது சரி. பின்னால் தகடுதான், ஒட்டோ. மவுண்டின் கையும் வேறு. சம்ப் இன்னும் கழற்றவில்லை.

டிப்போ மாமா | செவ்வாய் இரவு

தம்பி, இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டீசலோடு கிடந்தவன் நான். மட்டுநகர்காரர் சொல்வதில் பாதி உண்மை. ஓடின எஞ்சினின் ஹெட்டைச் சும்மா கழற்றாதேயும், கீழே பெயாரிங்கையும் நோண்டாதேயும். ஆனால் ஒன்றும் தொடாமல் ஏற்றுவது என்பது, ஆரென்றே தெரியாதவனிடம் கண்ணை மூடிக்கொண்டு காசைக் குடுக்கிற மாதிரி. திறவாமலே பார்க்கக்கூடியது எவ்வளவோ இருக்கு.

முதலில் ஒரு கேள்வி. நீர் புது எஞ்சினைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர். பழையது ஏன் செத்தது என்று எழுதவில்லை. முள் சிவப்புக்குப் போனது அது செத்த விதம். ஏன் போனது? றேடியேற்றரா, ஃபான் ஹப்பா, மூடியா, தண்ணீர்ப் பம்பா? அதைக் கண்டுபிடிக்காமல் அதே றேடியேற்றரை இந்த எஞ்சினுக்கு முன்னால் பூட்டினால், அடுத்த வெங்காய சீசனில் இன்னொரு எஞ்சினுக்குக் காசு தேடவேண்டி வரும். வால்வுக்கு நடுவே வெடிக்கிறது இந்த எல் வகை ஹெட்டுகளுக்குப் பரம்பரை வருத்தம். சூட்டை அவை மன்னிக்காது.

புது எஞ்சினுக்கு நான் செய்வது இந்த ஒழுங்கு.

குளோ பிளக் (ஸ்ராட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குகிற பிளக்) நாலையும் கழற்றும். நுனியைப் பாரும். ஒன்று மட்டும் ஓயிலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரைக் குறித்து வையும். நுனி ஊதியோ உருகியோ இருந்தால் இன்ஜெக்டர் ஒழுங்காகத் தூவவில்லை. பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஓயில் விட்டு ஒரு நாள் ஊற விடும். எத்தனை மாதம் கன்ரெயினரிலும் கடை வாசலிலும் கிடந்ததோ தெரியாது. பிஸ்டன் றிங் சுவரில் ஒட்டியிருக்கும். அடுத்த நாள் கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டின்) முன் சில்லு போல்ட்டில் சொக்கற்றைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும். ஓர் இடத்தில் மட்டும் இடறினால் நிறுத்திவிட்டு இங்கே வந்து எழுதும். ஸ்ராட்டரைக் குடுத்துப் பார்க்க வேண்டாம்.

கை சுற்றுக்குச் சரியாக இருந்தால், பெல்ஹவுசிங்கோடு (கியர் பொக்ஸின் முன் கூட்டோடு) ஸ்ராட்டரைப் பூட்டி, நிலத்தில் வைத்தே கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அளவு) பாரும். குளோ பிளக் ஓட்டையால் அளக்கிற டீசல் மானி வேண்டும். பெற்றோல் மானி இந்த அமுக்கத்தில் பிய்ந்துவிடும். ரொயோட்டாக் கணக்கு, சூடான எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ, அதாவது 455 பிஎஸ்ஐ. ஆகக் குறைந்தது 20 கிலோ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நீர் குளிர் எஞ்சினில் பார்க்கப் போகிறீர், ஆனபடியால் எண் குறைவாகத்தான் வரும். எனக்கு எண்ணைவிட நாலும் ஒத்து நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஸ்காபரோ சிவா | செவ்வாய் இரவு

மாமா, வாசிக்கவே வாயூறுது. இங்கே கனடாவில் ஹைலக்ஸ் என்ற பெயரில் வண்டியே விற்பதில்லை. 3எல் என்று கடையில் கேட்டால் மூன்று லீற்றர் பால் வேண்டுமோ என்று பார்ப்பார்கள். 90களில் ஊரில் எங்கள் ஐயா கார் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டினவர், பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்திருந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் எடுக்கிறது. அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கு. தொடருங்கோ.

மட்டுநகர் டீசல் | புதன் காலை

டிப்போ மாமா சொன்னது கொம்பிரஷன் பார்க்கிறது. அதற்கு நானும் ஓம். நான் எதிர்த்தது ஹெட்டைத் திறக்கிறதைத்தான்.

சுன்னாகத்துப் பெடியன் | வெள்ளி மாலை

மாமா, உங்கள் கேள்வி இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்துவிட்டது. எஞ்சினை விட்டுவிட்டு முதலில் றேடியேற்றரைக் கழற்றினேன். சுன்னாகச் சந்திக்குப் பக்கத்தில் றேடியேற்றர் ஒட்டுகிற ஐயா ஒருவர் இருக்கிறார். மேல் தொட்டியை உருக்கி எடுத்துக் காட்டினார். குழாய்களின் வாயில் சுண்ணாம்பு. சும்மா படை இல்லை, பல்லி முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக. மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டால் பாதிக் குழாய்க்குள் போகவே இல்லை. எண்ணிப் பார்த்தோம், மூன்றில் ஒரு பங்கு குழாய் முற்றாக அடைத்திருக்கிறது.

காரணம் தேடத் தேவையில்லை. இருபது வருஷமாகக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வீட்டுக் கேத்தலின் அடியில் என்ன படிகிறதோ அதுதான் இங்கேயும் படிந்திருக்கிறது. பெரியப்பா காலையில் பூமரத்துக்கு ஊற்றுகிற அதே வாளியால்தான் வண்டிக்கும் ஊற்றுவார்.

இன்னும் இரண்டு பிழை. ஃபான் ஹப்பில் எண்ணெய் கசிந்து காய்ந்திருக்கிறது. பெரியப்பாவைக் கேட்டேன், சூடான நேரத்தில் நிறுத்தினாலும் ஃபான் கையால் லேசாகச் சுற்றுமாம். தெர்மோஸ்ரற் இருக்கிற இடத்தில் தெர்மோஸ்ரற்றே இல்லை. யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

டிப்போ மாமா | வெள்ளி இரவு

ஆளைப் பிடித்துவிட்டீர். இனி எஞ்சினுக்கு வரலாம்.

றேடியேற்றர் செப்பு என்றால் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தொட்டியை ஒட்டலாம். மூன்றில் ஒன்று அடைத்திருந்தால் உள்ளே புதுக் கோர் போடச் சொல்லிக் கேளும், அந்தக் காசு கூடாத காசு இல்லை. ஃபான் ஹப் சூட்டில் இறுக வேண்டும், அதுதான் அதன் வேலை. வேறு வாங்கும். தெர்மோஸ்ரற்றைக் கழற்றுகிறது எங்கள் நாட்டு வைத்தியம், "வெக்கை நாடு, எதற்கு" என்று. குளிர்ந்து ஓடுகிற டீசல் ஓயிலைக் கெடுத்து றிங்கைத் தின்னும். புதிதைக் கொதிநீர்ச் சட்டிக்குள் நூலில் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பார்த்துப் பூட்டும்.

தண்ணீர் விஷயம். கூலன்ற் போத்தலில் போட்ட அளவு, மிச்சம் கடையில் விற்கிற பற்றரித் தண்ணீர். கிணறு பூமரத்துக்கு.

சுன்னாகத்துப் பெடியன் | ஞாயிறு மதியம்

கொம்பிரஷன் பார்த்தாகிவிட்டது. ராசா அண்ணை பஸ்ஸில் மானியை அனுப்பி உதவினார், நன்றி அண்ணை. ஓயில் ஊறவிட்டுக் கையால் சுற்றும்போது எங்கேயும் இடறவில்லை. நிலத்தில் வைத்து, புளொக்கை ஒரு பலகையில் கட்டி, பெரிய பற்றரி கொடுத்துச் சுற்றினோம். முதல் சுற்றுக்கு ஓட்டைகளால் கறுப்பு ஓயில் தெறித்து என் சேர்ட்டும் மதிலும் நாசம். குளோ பிளக் ஓட்டைக்கு மேலே யாரும் குனியாதீங்கோ.

ஒன்று: 28.5. இரண்டு: 29. மூன்று: 28.5. நாலு: 23.

நாலாவதுக்கும் இரண்டாவதுக்கும் 6 வித்தியாசம். மூன்று தரம் பார்த்தேன், அதே எண். இனி?

மட்டுநகர் டீசல் | ஞாயிறு மதியம்

கடைக்காரனிடம் திருப்பிக் கொடுங்கோ. உத்தரவாதம் எழுதித் தந்தவனா?

சுன்னாகத்துப் பெடியன் | ஞாயிறு மதியம்

"ஸ்ராட் ஆகும், புகை இல்லை, உத்தரவாதம் ஏழு நாள்" என்று பில்லில் எழுதியிருக்கிறது. இன்றோடு ஏழு நாள் முடிகிறது. ஞாயிறு என்று போனையும் எடுக்கவில்லை.

டிப்போ மாமா | ஞாயிறு மாலை

பதறாதேயும். நாலாவது ஓட்டைக்குள் அரைத் தேக்கரண்டி ஓயில் விட்டுத் திரும்ப அளவும். கூட விடாதேயும், இது 22க்கு 1 அமுக்குகிற எஞ்சின். மேலே மிஞ்சுகிற இடம் மிகச் சின்னது, ஓயில் நிரம்பினால் அமுங்க இடமில்லாமல் கனெக்ரிங் றொட் வளையும். எண் நன்றாக ஏறினால் றிங். ஏறாமல் நின்றால் வால்வு அல்லது கஸ்கெற்.

பிறகு வால்வ் கவரைத் திறந்து, காமுக்கும் (வால்வைத் திறக்கிற தண்டு) வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எட்டு வால்விலும் அளந்து எண்களை இங்கே போடும். அது திறக்கிறதில் சேராது, மட்டுநகர்காரர் கோபிக்க மாட்டார். குளிரில் உள் வால்வுக்கு (காற்று வருவது) 0.20 இலிருந்து 0.30, வெளி வால்வுக்கு (புகை போவது) 0.40 இலிருந்து 0.50 மில்லிமீற்றர்.

சுன்னாகத்துப் பெடியன் | திங்கள் இரவு

ஓயில் விட்டும் 23.5 தான். றிங் இல்லை.

உள் வால்வுகள்: 0.25, 0.25, 0.30, 0.25. வெளி வால்வுகள்: 0.40, 0.35, 0.40, நாலாவது... 0.10 தகடு கூட இறுக்கமாகத்தான் போகிறது.

டிப்போ மாமா | திங்கள் இரவு

கிடைத்தது. இடைவெளி கூடின வால்வு டக் டக் என்று சத்தம் போடும், எல்லாரும் பயப்படுவார்கள், அதால் பெரிய கேடு இல்லை. இடைவெளி குறைந்த வால்வு சத்தமே போடாது, அதுதான் எரியும். வால்வு வருஷக் கணக்கில் சீற்றைத் தட்டித் தட்டி உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்கத் தண்டு மேலே வந்து காமோடு முட்டுகிறது. சூடானதும் தண்டு இன்னும் நீளும், வால்வு முற்றாக மூடாது, அந்த இடுக்கால் நெருப்பு போகும்.

3எல்லில் றொக்கர் இல்லை, காம் நேரே வாளி (வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கிற கிண்ணம்) மேலே இருக்கிற வட்டத் தகட்டை, அதாவது சிம்மைத்தான் அமுக்கும். அந்தச் சிம்மை எடுத்துத் தடிப்பு அளந்து, 0.35 மெல்லியது ஒன்று போட்டால் இடைவெளி 0.45 க்கு வரும். இரண்டாவது வெளி வால்வுக்கும் 0.10 மெல்லியதாக ஒன்று. பிறகு அளவும். வால்வு இன்னும் எரியவில்லை என்றால் எண் ஏறும். ஏறாவிட்டால்தான் ஹெட்.

மட்டுநகர் டீசல் | செவ்வாய் காலை

சரி, இதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னபடி ஏற்றியிருந்தால் ஆறு மாதத்தில் நாலாவது வால்வு போயிருக்கும். இப்படி ஒரு கேஸை நான் இன்ஜெக்டர் என்று நினைத்து இரண்டு தரம் நொசில் மாற்றியிருக்கிறேன். இப்போது யோசிக்க வயிறு எரிகிறது.

சுன்னாகத்துப் பெடியன் | சனி மாலை

சிம் தேடுகிறதுதான் பெரிய வேலையாகப் போய்விட்டது. கடையில் சரியான தடிப்பு இல்லை. கடைசியில் பழைய எஞ்சினின் எட்டுச் சிம்மையும் எடுத்து மைக்ரோமீற்றரால் அளந்தேன், இரண்டு பொருந்தியது. செத்த எஞ்சின் தன் பங்கைத் தந்துவிட்டது.

நாலாவது வெளி வால்வு 0.43. கையால் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கொம்பிரஷன்: 28.5, 29, 28.5, 27.5.

டொல்பின் ராசா | சனி மாலை

பெடியன்! மானி அனுப்பின பஸ் காசு வீண் போகவில்லை.

டிப்போ மாமா | சனி இரவு

நல்லம். இந்த ஹெட்டைத் தொடாதேயும். எப்போதாவது தொட வேண்டி வந்தால், கஸ்கெற் ஒரே தடிப்பில் வராது, பிஸ்டன் மேலே எவ்வளவு நீட்டுகிறதோ அதற்கு ஏற்றதைப் போட வேண்டும். போல்ட் இறுக்குவது 78 நியூட்டன் மீற்றர், பிறகு கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று. கைத் திட்டத்தில் இறுக்குகிறவனிடம் குடுக்காதேயும்.

இனி, எஞ்சின் வெளியே நிற்கும்போது மட்டும் லேசாகச் செய்யக்கூடியவை. பின் கிராங்க் சீல் (தண்டைச் சுற்றி ஓயில் ஒழுகாமல் அடைக்கிற வளையம்). ஏற்றின பிறகு இது ஒழுகினால் கியர் பொக்ஸையும் ட்ரான்ஸ்பர் கேஸையும் இறக்கவேண்டும், இரண்டு பேரின் முதுகு போகும். புளொக்கின் பக்கத்திலும் பின்னாலும் இருக்கிற வட்டத் தகட்டு மூடிகள். பின்னால் இருப்பது பெல்ஹவுசிங்குக்குள் மறைந்துவிடும், துருப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் மாற்றும். முன்னால் கிராங்க், காம், டீசல் பம்ப் மூன்றின் சீலும். அந்தச் சீல் ஒழுகி ரைமிங் பெல்ட்டில் ஓயில் பட்டால் பெல்ட் ஊறிப் பல் கழரும்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டாஷில் ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ரீ-பெல்ட் (ரைமிங் பெல்ட்) விளக்கு எரிகிறது உம்முடைய வண்டியின் கணக்கு. இந்த எஞ்சினின் கணக்கு ஜப்பானிலேயே போய்விட்டது. புது பெல்ட், புது ஐட்லர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சில்லு), அடையாளங்களை ஒத்து வைத்துப் பூட்டி, ஸ்பிரிங் தானாக இழுக்கிற அளவுக்கு விட்டு, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, திரும்ப அடையாளம் பார்த்த பிறகுதான் ஐட்லர் போல்ட்டை இறுக்க வேண்டும். கம்பியால் நெம்பி இழுக்காதேயும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், பிறகு சிம் கதையெல்லாம் இல்லை.

குளோ பிளக்கில் வோல்ற்றேஜ் வேறு வேறாக உண்டு. வான் பிளக்கை நம்பாமல், உம்முடைய வண்டியின் பிளக்கில் குத்தியிருப்பதைப் பார்த்து அதையே வாங்கும்.

சுன்னாகத்துப் பெடியன் | அடுத்த வியாழன்

சம்பைக் கழற்றினேன். உறிஞ்சிக் குழாயின் வலையில் என்ன இருந்தது தெரியுமோ? கறுப்பு சிலிக்கன். புழு மாதிரி நாலைந்து துண்டு, ஒன்று சுண்டு விரல் நீளம். முன்பு யாரோ இந்தச் சம்பைக் கழற்றி, ட்யூப்பைப் பிதுக்கி அள்ளிப் பூசியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கினதை வடிவாக வழித்துத் துடைத்திருக்கிறார்கள், உள்ளே பிதுங்கினது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வலையில் கால்வாசி அடைப்பு. "ரொயோட்டா பூட்டின கஸ்கெற்" என்று நாங்கள் வாதாடின எஞ்சின் இது!

ஒரு பெயாரிங் மூடியைக் கழற்றிப் பார்க்க ஆசை வந்தது. மாமாவின் முகம் நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

கப்பின் சம்ப், குழாய், டிப் ஸ்டிக் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. சிலிக்கனை மூன்று மில்லிமீற்றர் கோடாக மட்டும், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாக விட்டேன். ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுத்து, புதுக் கிளச். கிராங்கின் வாலில் பைலட் பெயாரிங் (கியர் பொக்ஸ் தண்டின் நுனியைத் தாங்குவது) இல்லை, ஒட்டோ வான்தானே. பழைய கிராங்கில் இருந்ததை அளந்து புதிது வாங்கித் தட்டினேன்.

மட்டுநகர் டீசல் | வியாழன் இரவு

அந்தப் புழுவின் படம் போடுங்கோ. என் கராஜில் ஒட்டி வைக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதீங்கோ. எஞ்சின் இலக்கம் மாறுகிறது. பதிவுப் புத்தகத்தில் பழைய இலக்கம்தான் இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றாமல் ஓடினால், விற்கும்போதும் பொலிஸ் மறிக்கும்போதும் தலையிடி. கடைப் பில்லையும், கடைக்காரனிடம் கேட்டு வாங்குகிற இறக்குமதிக் கடதாசியின் பிரதியையும் கவனமாக வையுங்கோ. இலக்கத்தை ஏற்றமுன் தேய்த்துப் படமெடுங்கோ, ஏற்றின பிறகு குனிந்து வாசிக்கிறது கஷ்டம்.

ஸ்காபரோ சிவா | வியாழன் இரவு

அப்ப ஈஜிஆரை (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற வால்வை) அடைக்கிறதோ விடுகிறதோ? இங்கே அதுபற்றி ஒரு மதச் சண்டையே நடக்குது.

டிப்போ மாமா | வெள்ளி காலை

சிவா, கழற்றிக் கரியைச் சுரண்டித் திரும்பப் பூட்டட்டும். வருஷா வருஷம் புகைப் பரிசோதனைக்குப் போகிற வண்டி. வேறு கேள்வி.

தம்பி, முதல் ஸ்ராட்டுக்கு முன்: டீசல் பம்பின் மேலே இருக்கிற சொலனொயிட் வயரைக் கழற்றிவிடும். டீசல் போகாது. அப்படியே பத்துப் பத்துச் செக்கனாகச் சுற்றும், இடையில் ஸ்ராட்டரை ஆற விட்டு. ஓயில் விளக்கு அணையும் வரைக்கும். அதன் பிறகுதான் வயர். டீசல் ஃபில்டர் மேல் இருக்கிற கைப் பம்பை இறுகும் வரை அமுக்கி, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்திக் காற்றை எடும். ஓடத் தொடங்கினதும் உடனே உறுமாதேயும்.

சுன்னாகத்துப் பெடியன் | அடுத்த ஞாயிறு இரவு

ஓடுகிறது!

மாமா சொன்னபடி வயரைக் கழற்றிச் சுற்றினோம். நாலாவது தரத்தில் ஓயில் விளக்கு அணைந்தது. வயரைப் போட்டு, காற்றெடுத்து, குளோ விளக்கு அணைய விட்டுச் சாவியைத் திருப்பினால், முதலில் இரண்டு சிலிண்டர் மட்டும் இருமியது. பிறகு மூன்று. நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்க நாலும் சேர்ந்தது. ஊறப்போட்ட ஓயில் எரிந்து முற்றம் முழுக்க வெள்ளைப் புகை, பக்கத்து வீட்டு அன்ரி நுளம்புக்கு அடிக்கிறார்கள் என்று நினைத்து யன்னலைச் சாத்திவிட்டா. ஐந்து நிமிஷத்தில் புகை நின்றது.

டீசல் பம்பில் ஒரு கசிவு இருக்கிறது. மேல் மூடிச் சீலடியில் ஈரமாகிறது. கிடந்த பம்ப் என்பதால் சீல் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் பம்ப் கடையில் கொடுத்து, இன்ஜெக்டர் நாலையும் சேர்த்துச் சோதிக்கப் போகிறேன்.

கைதடி வரை போய் வந்தோம். முள் நடுவுக்குக் கீழே போய் அப்படியே நின்றது. திரும்பி வந்து பொனற்றைத் திறந்தால், பெரியப்பா வாளியோடு வருகிறார். "கொஞ்சம் குறைஞ்சிருக்குமடா, ஊத்தி விடு." வாளியை வாங்கிச் செவ்வரத்தைக்கு ஊற்றினேன். அவர் கொஞ்ச நேரம் றேடியேற்றர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப உந்தத் தண்ணியைத்தானே நாங்களும் குடிக்கிறம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டிப்போ மாமா | ஞாயிறு இரவு

அவருக்குக் கொதிக்க வைத்து வடித்துக் குடிக்கச் சொல்லும். நூறு கிலோமீற்றர் ஓடினதும் எஞ்சின் குளிர்ந்த பிறகு நாலாவது வெளி வால்வைத் திரும்ப அளவும். 0.43 அப்படியே நின்றால் அந்த வால்வு இனி இறங்குகிற அவசரத்தில் இல்லை. ஆயிரத்தில் ஓயிலும் ஃபில்டரும் மாற்றும், கழற்றின ஃபில்டரை வெட்டிப் பாரும், இன்னும் புழு வருகிறதா என்று.

டொல்பின் ராசா | திங்கள் காலை

தம்பி, அந்த வான் சம்ப் இன்னும் இருக்கோ? என்னுடையது கல்லில் அடித்து நசிந்து, குழாயின் வாயை முட்டுகிற நிலையில் இருக்கு.

சுன்னாகத்துப் பெடியன் | திங்கள் காலை

இருக்கு அண்ணை. உறிஞ்சிக் குழாயோடு சோடியாகக் கழுவி, சீலையில் சுற்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வாருங்கோ, மானியையும் கையோடு எடுத்துப் போகலாம். சிலிக்கன் நான் தர மாட்டேன், நீங்களே வாங்கி வாங்கோ.